போல்கா என்ன தப்பு செய்தது? கிராமி அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

ரெக்கார்டிங் அகாடமியின் நிர்வாகிகளுக்கும், கிராமி விருதுக்கு வாக்களிக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2010 ஜனவரி கடைசியில் நடந்த உங்கள் 52வது விழாவைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றுதான் ஏ.ஆர். ரகுமான் 2 கிராமி வாங்கினார். அந்தச் சந்தோஷத்தில் எங்கள் ஆட்கள் யாரும் இன்னொரு விஷயத்தைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. போல்கா என்ற நடன இசைக்கான பிரிவு இல்லாமல் நடந்த விழா, 24 வருடத்துக்குப் பிறகு, அதுதான் முதல் தடவை. 2009 ஜூனில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டீர்கள். இன்றைய இசை உலகம் எப்படி இருக்கிறதோ அப்படி விருதுகளும் இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னீர்கள்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தமிழில் எழுதினால் நீங்கள் படிப்பீர்களா என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கும் நீங்கள் பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதனால் எனக்குச் சரளமாக வரும் மொழியிலேயே எழுதுகிறேன். விக்கு விநாயக்ராம் முதல் செல்வகணேஷ் வரை உங்கள் விருது வாங்கியவர்களை ஒருவர் விடாமல் கணக்கு வைத்திருக்கும் கூட்டம் நாங்கள். இது எங்களுக்கும் கொஞ்சம் சம்பந்தப்பட்ட விவகாரம்தான்.

நான் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் சென்னையில் எல்லாருக்கும் தியாகராஜ ஆராதனைதான் ஞாபகத்துக்கு வரும். 1978இல் தொடங்கி, ஈஸ்டரை ஒட்டி வருடா வருடம் நடக்கிறது. பஞ்சரத்ன கீர்த்தனை பாட அமெரிக்கா முழுவதிலிருந்தும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அமெரிக்கர்களுக்கு, அதிலும் கொஞ்சம் வயதானவர்களுக்கு, கிளீவ்லாந்து என்றால் போல்கா. செயின்ட் கிளேர் அவென்யூவில் 1924இல் ஸ்லோவீனியக் குடியேறிகள் எழுப்பிய தேசிய இல்லம் இன்னும் நிற்கிறது. யூக்ளிட் என்ற புறநகரில் போல்காவுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை வந்தால் வெளியூர்க்காரர்களும் இங்கே போல்கா ஆட வருவார்கள். ஒரே ஊர்தான், ஆனால் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று அநேகமாகப் பார்த்ததே இல்லை.

என்னை இதில் இழுத்துவிட்டது எங்கள் பக்கத்து வீட்டு ஸ்லோவீனியப் பாட்டி. ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் நடனத்துக்கு ஒரு தரம் அழைத்துக்கொண்டு போனார். பழைய மரத்தளம். ஒருவர் கையில் டப்பாவோடு சுற்றி வந்து தரையில் ஏதோ வெள்ளைப் பொடி தூவிக்கொண்டிருந்தார். செருப்பு வழுக்க வேண்டும், ஆனால் ஆள் வழுக்கக் கூடாது, அந்த அளவுக்கு. பாட்டி பையிலிருந்து தோல் அடி வைத்த தனிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். மேடையில் இரண்டு அக்கார்டியன், ஒரு பாஞ்சோ, ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். கணவரை இழந்த பாட்டிகள் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடினார்கள். அங்கே யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. எல்லா ஜோடியும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றிப் போகிறது, போகும்போதே தன்னைத்தானேயும் சுற்றிக்கொள்கிறது. இடையில் யாராவது தடுமாறி நின்றால், பின்னால் வருபவர்கள் முகம் சுளிக்காமல் ஒதுங்கிப் போகிறார்கள்.

போல்காவின் தாளம் 2/4. ஆராதனைக்கு வரும் நம் ஆட்களுக்குச் சொல்வதானால், சதுஸ்ர நடையில் முதல் மூன்று எழுத்தை மிதித்துவிட்டு நாலாவதைக் காலியாக விடுவது. அந்தக் காலியிடத்தில் குதித்தால் ஒரு பாணி, குதிக்காமல் வழுக்கிப் போனால் இன்னொரு பாணி. நான் குதித்தேன். "குதிக்கிறவர்கள் சிகாகோக்காரர்கள். இங்கே நழுவணும்" என்று பாட்டி தோளை அழுத்தினார். இத்தனை வருடம் இந்த இசையைத் தீர்ப்பு சொல்லிய உங்கள் வாக்காளர்களில் எத்தனை பேருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று பிற்பாடு யோசித்ததுண்டு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830களில் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில் பிறந்தது. பிராகு, வியன்னா வழியாகப் பாரிஸ் போனது. 1844 வாக்கில் பாரிஸும் லண்டனும் இதற்குப் பைத்தியம் பிடித்து அலைந்தன. வியன்னாவின் இசையமைப்பாளர்களான ஸ்ட்ராஸ் குடும்பம் எழுதித் தள்ளியது, செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனா தன் ஓபராவில் வைத்தார். அமெரிக்காவுக்கு இது இரண்டு தடவை வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். முதல் தடவை பாரிஸ் நாகரிகமாகப் பணக்காரர்களின் நடனக் கூடத்துக்கு. அந்த மோகம் மற்ற மோகங்களைப் போலவே போய்விட்டது. இரண்டாவது தடவை, சுரங்கத்துக்கும் எஃகு ஆலைக்கும் பண்ணைக்கும் பிழைக்க வந்த போலந்துக்காரர்கள், செக், ஸ்லோவீனியர், ஜெர்மானியர்களின் மூட்டையில். அது இன்னும் போகவில்லை.

இப்படி மூட்டை மூட்டையாக வந்ததால் அமெரிக்காவில் போல்கா ஒன்றாக இல்லை. இதை நீங்கள் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

கிளீவ்லாந்து பாணிக்கு முகம் ஃபிராங்கி யாங்கோவிக். இரண்டாம் உலகப் போரில், பல்ஜ் சண்டையின்போது உறைபனியில் அவருடைய கைகால்கள் விறைத்துப் போயின. வெட்டித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்ல, மாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்தார். மருத்துவமனையிலேயே ஓர் அக்கார்டியன் கிடைத்து, அதை வாசித்து வாசித்தே விரல்களை மீட்டுக்கொண்டார். 1948இல் மில்வாக்கியில் நடந்த போட்டியில் அமெரிக்காவின் போல்கா ராஜா என்று பட்டம் கொடுத்தார்கள். ஸ்லோவீனிய மெட்டுகளை ஆங்கிலத்தில் பாடினார், லட்சக்கணக்கில் இசைத்தட்டுகள் விற்றன.

சிகாகோ பாணி வேறு. லில் வாலி என்று எல்லாரும் கூப்பிட்ட வாலி யாகியெல்லோ, சிறுவனாக இருந்தபோதே போலந்துக்காரர்களின் மதுக்கடைகளில் பாடத் தொடங்கியவர். அவர் வேகத்தைக் குறைத்தார். கான்சர்டினா (அக்கார்டியன் மாதிரி ஒரு சின்னப் பெட்டி), கிளாரினெட், டிரம்பெட், டிரம்ஸ் என்று ஒரு சின்னக் கூட்டத்தை வைத்துக்கொண்டு, போலந்து மொழியில், நெஞ்சிலிருந்து பாடினார். அப்புறம் எடி பிளஸான்சிக் வந்தார். அவர் முதலில் ராக் அண்ட் ரோல் பாடிக்கொண்டிருந்தவர். அந்தப் பாஸின் கனத்தையும் டிரம்ஸின் அடியையும் சிகாகோ போல்காவுக்குள் கொண்டுவந்துவிட்டார். அமெரிக்க அரசின் கலை நிதியம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தரும் தேசியப் பாரம்பரிய விருதை 1998இல் அவருக்குக் கொடுத்தது.

மின்னசோட்டாவின் நியூ அல்ம் பக்கம் போனால் ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி இல்லாமல் போல்கா கிடையாது. அந்த ஜெர்மானியக் குடும்பங்களில் பல பொஹீமியாவிலிருந்தே வந்தவை, ஆகவே மூல ஊருக்கு மிகப் பக்கத்துச் சொந்தம் அவர்கள்தான் என்றுகூடச் சொல்லலாம். நியூயார்க், பென்சில்வேனியா பக்கத்துக் கிழக்குப் பாணியோ பெரிய இசைக்குழு. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் வரிசையாக உட்கார்ந்து, எழுதி வைத்ததைப் பிசகாமல், படுவேகமாக வாசிப்பார்கள். எனக்கு மூச்சு வாங்குகிற பாணி அது.

சரி, இப்போது உங்கள் 24 வருடக் கணக்குக்கு வருவோம். 1986இல் முதல் போல்கா கிராமி யாங்கோவிக்குக்கு. அப்போது அவருக்கு வயது 70. இதைக் குறை சொல்ல யாராலும் முடியாது. அடுத்த வருடம் பிளஸான்சிக்கும் ஜிம்மி ஸ்டரும் பகிர்ந்துகொண்டார்கள். 1993 முதல் 1995 வரை கனடாக்காரரான வால்டர் ஆஸ்டனெக். 2000இலும் 2005இலும் டெக்சஸின் பிரேவ் காம்போ குழு. மற்ற எல்லா வருடமும் ஜிம்மி ஸ்டர். பகிர்ந்ததையும் சேர்த்து 24க்கு 18.

ஸ்டர் கிழக்குப் பாணிக்காரர். நியூயார்க் மாநிலத்தில் ஃபுளோரிடா என்ற சிற்றூர். அருமையாக வாசிக்கிற குழு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வில்லி நெல்சன் மாதிரி பெரிய பெயர்களைத் தன் ஆல்பங்களில் பாட வைத்தார், அதுவும் தப்பில்லை. தப்பு வாக்குப் பெட்டியில் இருந்தது. ஓர் உறுப்பினர் தனக்குச் சம்பந்தமில்லாத துறைகளில் வாக்களிப்பதை அன்றைய உங்கள் விதி தடுக்கவில்லை. போல்கா பக்கம் வருகிற ஜாஸ்காரரோ பாப் தயாரிப்பாளரோ என்ன செய்வார்? ஐந்து பெயரில் கேள்விப்பட்ட பெயர் எதுவோ அதைக் குத்துவார். ஒரு தரம் வென்றவர் கேள்விப்பட்ட பெயர் ஆகிறார், அடுத்த தரம் இன்னும் எளிதாக வெல்கிறார். நம் ஊரில் ஒரே வார்டில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஜெயிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதனால் என்ன ஆயிற்று? சிகாகோவிலும் மில்வாக்கியிலும் இருந்த குழுக்கள் போட்டிக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை என்று நினைத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விண்ணப்பம் குறைந்தது. குறைந்ததையே காட்டி நீங்கள் கடையைச் சாத்தினீர்கள். நோய் உங்கள் தேர்வு முறையில், தண்டனை இசைக்கு.

2011இல் இன்னொன்று செய்தீர்கள். 109 பிரிவுகளை 78 ஆக்கினீர்கள். ஹவாய் இசை, அமெரிக்கப் பழங்குடியினர் இசை, லூசியானாவின் ஸைடிகோ-கேஜன், எல்லாவற்றுக்கும் இருந்த தனித்தனிப் பிரிவுகளை மூடி, வட்டார வேர் இசை என்று ஒரே பெட்டியில் போட்டீர்கள். போல்காவுக்கும் இனி அதுதான் இடம் என்றீர்கள். 2012 முதல் 2025 வரை அந்தப் பிரிவில் வென்றவர்களைப் பாருங்கள்: லூசியானா, ஹவாய், நடுவில் தென் கரோலினாவின் கல்லா மக்களின் இசையை வாசிக்கும் ரேங்கி டேங்கி குழு. எல்லாம் நல்ல இசை. ஹவாய்ப் பாடகர் காலானி பேயா பாடினால் நான் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் ஒரு போல்கா ஆல்பம்கூட அங்கே வென்றதில்லை. நாதஸ்வரத்தையும் பறையையும் வில்லுப்பாட்டையும் ஒரே மேடையில் ஏற்றி, இதில் யார் உசத்தி என்று கேட்டு ஒருவருக்கு மட்டும் மாலை போட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் வருடா வருடம் செய்கிறீர்கள்.

இன்றைய இசை உலகத்தில் போல்காவுக்கு இடமில்லை என்றுதானே சொன்னீர்கள்? அதையும் கொஞ்சம் பார்ப்போம்.

டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் பட்டன் அக்கார்டியனையும் போல்காவையும் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் இருந்த மெக்சிகோ வம்சாவளியினர் அந்தப் பெட்டியை வாங்கி, பாஹோ செக்ஸ்டோ என்ற தங்கள் 12 தந்திக் கருவியோடு சேர்த்து வாசித்தார்கள். கொன்ஹுந்தோ என்ற இசை அப்படி உருவானது, எல்லைக்கு அந்தப் பக்கம் நொர்தேன்யோ. அதன் முன்னோடி நார்சிசோ மார்ட்டினெஸ் 1936இல் முதல் தட்டு வெளியிட்டார், அதில் இருந்தது போல்கா. இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. புளூபேர்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அந்தத் தட்டுகளை மெக்சிகோக்காரர்களுக்கு மட்டும் விற்று நிறுத்தவில்லை. அதே வாசிப்புக்கு "போல்ஸ்கி குவார்டெட்" என்று பெயர் ஒட்டிப் போலந்துக்காரர்களிடம் விற்றது. லூசியானாவில் "லூசியானா பீட்" என்று வேறொரு பெயரில் விற்றது. வாங்கியவர்கள் எல்லாரும் நம் ஆள்தான் வாசிக்கிறார் என்று நினைத்து ஆடியிருப்பார்கள். யாருக்கும் எங்கேயும் தாளம் இடறவில்லை.

இன்றைக்கு நொர்தேன்யோ எவ்வளவு பெரிய சந்தை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லோஸ் டிக்ரெஸ் டெல் நோர்த்தே என்ற நொர்தேன்யோ குழுவுக்கு நீங்களே கிராமி கொடுத்திருக்கிறீர்கள். அவர்களுடைய கொரிதோ கதைப்பாட்டுகளில் பெரும்பங்கு எந்தத் தாளத்தில் ஓடுகிறது? போல்கா. கொன்ஹுந்தோ மேதை ஃபிளாக்கோ ஹிமெனெஸுக்கு 2015இல் வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தீர்கள். அவர் வளர்ந்த மரபின் முதுகெலும்பு எது? போல்கா. ஆக, மெக்சிகோ பெயரோடு முன்வாசல் வழியாக வந்தால் மேடை உண்டு, போலந்துப் பெயரோடு வந்தால் காலம் கடந்துவிட்டது என்று கதவு மூடப்படும். மெக்சிகோ இசைக்குக் கொடுப்பதைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை, அங்கே இன்னும்கூடக் கொடுக்கலாம். தாளம் செத்துவிட்டது என்ற வாதத்தை மட்டும் இனி எடுக்காதீர்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. கிளீவ்லாந்து, சிகாகோ கூடங்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். சில கூடங்கள் மூடிவிட்டன. குழுக்கள் பலவற்றுக்கு ரெக்கார்ட் கம்பெனி கிடையாது, இடைவேளையில் மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டுத் தாங்களே சிடி விற்கிறார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் 2005இல் ஹவாய்க்கும் 2008இல் ஸைடிகோ-கேஜனுக்கும் தனிப் பிரிவு தொடங்கியபோது அவர்கள் என்ன ஸ்டேடியத்தை நிரப்பிக்கொண்டா இருந்தார்கள்? சின்ன இசைக்குத்தான் விருது உதவும். ஒரு கிராமி பரிந்துரை வந்தால், இருபது வயதில் பட்டன் அக்கார்டியன் கற்றுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு அடுத்த கோடைத் திருவிழாவில் மேடை கிடைக்கும், அப்பாவிடம் பேசுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கும். பெரிய பாப் பாடகர்களுக்கு உங்கள் கோப்பையால் ஆகப்போவது அலமாரியில் தூசி தட்டும் வேலை ஒன்றுதான்.

இடமில்லை என்றும் இனிச் சொல்ல முடியாது. 78க்குக் குறைத்த நீங்களே 2024இல் 94 வரை ஏற்றிவிட்டீர்கள். அந்த வருடம் ஆப்பிரிக்க இசைக்குப் புதுப் பிரிவு தொடங்கினீர்கள், மனமாரப் பாராட்டினேன். இன்னொரு நல்ல காரியமும் செய்திருக்கிறீர்கள். 2021இல், பொதுப் பிரிவுகள் போக, ஓர் உறுப்பினர் 10 பிரிவுகளில் மட்டும், அதுவும் மூன்று துறைகளுக்குள் மட்டும் வாக்களிக்கலாம் என்று வரம்பு வைத்தீர்கள். போல்கா பிரிவைக் கெடுத்த ஓட்டையை ஓரளவு அடைத்தாயிற்று. அடைத்த பிறகும் அதே பிரிவை வெளியில் நிறுத்தி வைப்பதற்கு என்ன காரணம்?

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். போல்கா பிரிவைத் திரும்பத் தொடங்குங்கள். பரிந்துரைப் பட்டியலைத் தயாரிக்கும்போது கிளீவ்லாந்து, சிகாகோ, நியூ அல்ம், கிழக்குக் கரை, டெக்சஸ் என்று ஒவ்வொரு பாணியிலிருந்தும் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வாசிப்பவர்களோடு, கூடத்தில் ஆடி வளர்ந்த வானொலித் தொகுப்பாளர்களையும் சேருங்கள். நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளை ஸ்டுடியோ ஆல்பங்களுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். இது ஆடுவதற்கான இசை, ஆட்டக்காரர்களின் சத்தம் இல்லாமல் பதிவு செய்தால் பாதிதான் கேட்கும். தனிப் பிரிவு உடனே முடியாது என்றால், வட்டார வேர் இசையை இரண்டாகவாவது பிரியுங்கள், அதில் ஒன்றின் பெயரில் போல்கா என்று எழுதுங்கள்.

இதையெல்லாம் முடிவு செய்யும் முன்பு உங்கள் விருதுக் குழுவில் ஒரு நாலு பேர் கிளீவ்லாந்து வந்து போகலாம். ஈஸ்டரை ஒட்டி வந்தால் காலையில் ஆராதனையில் கீர்த்தனையும் கேட்கலாம், ஞாயிறு மதியம் போல்காவுக்கும் போகலாம். கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. தோல் அடி வைத்த செருப்பு கொண்டுவாருங்கள். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும், முழங்கால் பிசகிவிடும் என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
கிளீவ்லாந்து புறநகரில் வசிக்கும் ஒரு தமிழ் ரசிகன்